திடலைக் காத்த பிள்ளைகள்



மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாயாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "வேற எங்க, திடல்லதான்" என்று பதில் சொல்லியிருப்பார். இன்று எத்தனை வீடுகளில் அப்படி உடனே பதில் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்றைய பேச்சில் ஒரு தோட்டத்துத் திடலைப் பற்றியும், அதைக் காக்க முயன்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறோம். அந்தப் பிள்ளைகள் வேறு யாருமல்லர், நாங்கள்தாம்.

எங்கள் தோட்டத்தில் நான்கு வரிசை லயங்கள் இருந்தன. லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு சமதரை. அதுதான் திடல். இரு பக்கமும் மூங்கில் நட்டுக் கட்டிய கோல் கம்பம். தெற்கு மூலையில் மழை பெய்தால் முழங்கால் அளவு நீர் நிற்கும். மேற்கே ஒரு பெரிய மழைமரம். காலையில் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உடற்பயிற்சி செய்வார்கள். பிற்பகலில் பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த தாய்மார்கள் மரத்தடியில் அமர்ந்து தலை வாரிக்கொள்வார்கள். சம்பள நாளன்று சேலைக்காரரும் வளையல்காரரும் கடை விரிப்பார்கள். தகவல் இலாகாவின் படவண்டி வந்தால் அங்கேதான் வெள்ளைத் திரை கட்டுவார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது தீமிதிக் குழியும் அங்கேதான். மற்ற நேரமெல்லாம் அது பிள்ளைகளுடைய இடம். பையன்களுக்குப் பந்து, கிட்டிப்புள், சடுகுடு. பெண்பிள்ளைகளுக்கு ஓரத்தில் பாண்டி, கயிறு. நடுத் திடலுக்குப் பெண்பிள்ளைகள் வந்தால் நாங்கள் விரட்டிவிடுவோம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பின்னால் இது தேவைப்படும்.

1971ஆம் ஆண்டு. அப்போது பல தோட்டங்களில் வயதான ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதல் நடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். ஆனால் அது பெருகியது 1960களில்தான். செயற்கை ரப்பர் வந்து ரப்பர் விலையை அமுக்கியது. ஒரே பயிரை நம்பியிருக்கக்கூடாது என்று அரசாங்கமும் ஊக்கம் தந்தது. எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் அந்தக் காயை முள்ளுத் தேங்காய் என்பார்கள்.

செம்பனை விதையைக் காட்டில் நேரே போட முடியாது. முதலில் சிறிய பையில் வளர்த்து, மூன்று மாதம் கழித்துப் பெரிய பைக்கு மாற்றி, ஏறத்தாழ ஓராண்டு வளர்த்த பிறகே கன்றைக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். பைகளை மூன்றடி இடைவெளி விட்டு வரிசையாக வைக்கவேண்டும். நாள் தவறாமல் நீர் ஊற்றவேண்டும். ஆகவே நாற்றங்காலுக்குச் சமதரை வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டும். எங்கள் தோட்டத்தில் இரண்டும் ஒன்றாக இருந்த இடம் எது? திடல்தான்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், திடலின் நான்கு மூலைகளிலும் சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். கோல் கம்பம் ஒன்றைப் பிடுங்கி ஓரத்தில் போட்டிருந்தார்கள்.

நாங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னோம். எங்கள் தந்தையார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "திடலு யாருது? தொர நெலம். நாம படுத்திருக்கிற வீடே தொர வீடு. வாயப் பொத்திக்கிட்டுப் போய்ப் படி." அப்போது அவர்மேல் எங்களுக்குக் கோபம் வந்தது. அவர் அஞ்சியது எதற்காக என்பது பின்னால்தான் புரிந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். ஒரே கயிற்றில் சோறும் கூரையும் கட்டப்பட்டிருந்த காலம் அது.

பிள்ளைகளுக்கு அந்த அச்சம் இல்லை. அன்று இரவு ஆறு பேர் சேர்ந்து முளைக்குச்சிகளை எல்லாம் பிடுங்கி ஆற்றில் வீசிவிட்டு வந்தோம். வீரச்செயல் புரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு தூங்கினோம்.

மறுநாள் பெரட்டில் அந்தச் செய்தி வெளியாயிற்று. இரவுக் காவல் ஜாகா தாத்தாவினுடையது. அவர் தூங்கிவிட்டார் என்று சொல்லி அவருடைய ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். அவர் தூங்கவில்லை. ஸ்டோர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்திருந்தாலும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார். மாலையில் அவர் மழைமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களை அழைத்து ஏதும் கேட்கவில்லை. அதுதான் எங்களை மிகவும் வருத்தியது.

நாங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரையாவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் பிரம்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். எடுக்கவில்லை. "முதலில் தாத்தாவின் கூலியைக் கொடுங்கள், பிறகு திடலைப் பற்றிப் பேசலாம்" என்றார். நாங்கள் ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த சில்லறை, கோலிக்குண்டு விற்ற காசு, கோயில் திருவிழாவுக்காக வைத்திருந்த காசு எல்லாவற்றையும் ஒரு பால் டின்னில் போட்டுக் கொண்டுபோனோம். தாத்தா எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். "மரத்த வெட்டாம வெச்சிருக்கச் சொல்லுங்கடா, எனக்கு அது போதும்" என்றார்.

அதன் பிறகு வாத்தியாரையா எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "உங்கள் இடம் உங்கள் இடம் என்று கத்துகிறீர்களே, அந்த இடத்துக்கு யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள்" என்றார். ஒரு கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினோம். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. பெண்பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதா? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டி ஆடிய ஒரு பெண் எங்களிடம் நேராகக் கேட்டாள்: "நேத்து வரைக்கும் எங்கள வெரட்டுனீங்க. இன்னைக்கு எங்க பேரு மட்டும் ஒங்களுக்கு வேணுமா?"

எங்களிடம் பதில் இல்லை. வாத்தியாரையா சிரித்தார். "அவள் கேட்பது சரிதானே? துரை உங்களை விரட்டுவது தவறு என்றால், நீங்கள் அவளை விரட்டியது என்ன?" என்றார். அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் நடுத் திடல் பெண்பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று. நேயர்களே, உரிமை கேட்பவன் முதலில் தன் கைக்குள் இருக்கும் உரிமையைப் பிறருக்குப் பங்கிட்டுத் தரவேண்டும் என்பதை நாங்கள் கற்றது அந்தத் திடலில்தான்.

ஏழு நாள் கணக்கு முடிந்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. பந்து விளையாடுகிறவர்களைவிட மற்றவர்களே அதிகம். ஆயாக்கொட்டகைக் குழந்தைகள், துணி உலர்த்துகிறவர்கள், நடக்க முடியாமல் கோலூன்றி வந்து உட்காரும் பாட்டிகள், இரவில் கூடிப் பேசுகிற இளைஞர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். திடலை இழந்தால் இழப்பது பதினோரு பையன்கள் அல்லர். தோட்டமே இழக்கிறது என்று கணக்குப் புத்தகம் காட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் தந்தையாரும் வாய் திறந்தார். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கமிட்டியினர் எங்களை அழைத்துப் பேசினார்கள். "ஆத்தோரம் லாலான் காடு சும்மாத்தானே கெடக்கு" என்று ஒருவர் சொன்னார். நாங்கள் கயிறு கட்டி அந்த இடத்தை அளந்து ஒரு படமும் வரைந்தோம்.

கமிட்டிச் செயலாளர், வாத்தியாரையா, பிள்ளைகளில் மூவர் ஆகியோர் ஆபீசுக்குப் போனார்கள். மூவரில் ஒருத்தி, அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண். கிராணி ஐயா விளக்கிச் சொல்ல, துரை எங்கள் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "மழைக்காலத்தில் ஆறு எங்கே வரை ஏறும்?" எங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் அந்த லாலான் காட்டில் வெள்ளம் நிற்கும். அங்கேதான் மீன் பிடிப்போம். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். பையில் இருக்கும் கன்று நீரில் நின்றால் அழுகிப்போகும். ஆகவே எங்கள் யோசனை அங்கேயே விழுந்தது.

ஆயினும் உண்மையைச் சொன்னதனாலோ, கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததனாலோ, துரை முழுத் திடலையும் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வேலி போட்டு எடுத்துக்கொள்வதாகவும், கன்றுகளைக் காட்டுக்கு அனுப்பியதும் திருப்பித் தருவதாகவும் சொன்னார். மழைமரம் தப்பியது. கோல் கம்பத்தை உள்ளே தள்ளி நட்டுக்கொண்டோம். பந்து வேலிக்குள் போனால் யார் கன்றை மிதிக்காமல் எடுத்து வருவது என்பதே ஒரு விளையாட்டாயிற்று.

இரண்டு முறை கன்று வளர்த்த பிறகு, 1973இன் இறுதியில் வேலியைப் பிரித்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் நேயர்களே, அந்த மாலையில் புல் பதிக்க நின்றவர்களில் எங்கள் பழைய கூட்டத்தைத் தேடினால், பாதிப்பேரைக் காணோம். சிலர் புகுமுக வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் போய்விட்டார்கள். விடியுமுன் பஸ் ஏறினால் திரும்பி வர மாலையாகிவிடும். சிலர் படிப்பை விட்டுத் தாய்க்குப் பால் வாளி தூக்கினார்கள். ஆபீசில் உண்மை பேசிய பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று வீட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். லயத்து வாசலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திடல் திரும்பி வந்தது. அதற்காகப் போராடியவர்களுக்கு விளையாடும் வயது போய்விட்டது. புல் பதித்தது எங்கள் தம்பி தங்கைகள். பிள்ளைப்பருவம் குறுகியது. வேலி பிரியும் வரை அது காத்திருப்பதில்லை. "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் இது எங்கள் நினைவுக்கு வரும்.

அந்தத் திடல் இன்று இல்லை. 1990களில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. நாங்கள் குடும்பத்தோடு அடுக்குமாடி மலிவு விலை வீடுகளுக்குக் குடியேறினோம். வீட்டின் முன்னே ஒரு திறந்தவெளி இருந்தது. முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. பிறகு இரண்டு கார். பிறகு ஒரு லாரி. பிறகு யாரோ ஒரு கொட்டகை போட்டார்கள். நிறுத்தியவர்கள் யார்? நாங்கள்தாம். முளைக்குச்சியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்த அதே கைகள்தாம் அந்தப் பிள்ளைகளின் வெளியில் காரை நிறுத்தின.

ஒரு நாள் சிறுவர்கள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, எங்கள் கார்களைச் சுற்றிக் காற்பந்துத் திடல் வரைந்து வைத்திருந்தார்கள். கோடு காரின் அடியில் போய் மறுபக்கம் வெளியே வந்தது. நாங்கள் அதட்டினோம். ஒரு பையன் பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இது ஒங்க இடமா?" என்று கேட்டான். அன்று லயத்தில் எங்கள் தந்தையார் கேட்ட அதே கேள்விதான் திரும்பி வந்திருந்தது. அன்று இரவே எங்கள் பழைய தோட்டக்காரர்கள் கூடிப் பேசினோம். வண்டிகளைச் சாலையோரத்துக்கு மாற்றினோம். எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். லாரிக்காரரைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்புடன் ஓடியாடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் விதி, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. ஆகவே விளையாட்டு என்பது படிப்பை முடித்த பிறகு நாம் போடும் பிச்சை அன்று. அது பிள்ளைக்குச் சேரவேண்டிய பங்கு.

இடத்தைக் காப்பது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். தோட்டத்துத் திடல் தோட்ட நிலத்தோடு சேர்ந்தது. தோட்டம் கைமாறினால் அதுவும் கைமாறும். பல தமிழ்ப்பள்ளிகளின் திடல்களும் இப்படித் தனியார் நிலத்தில் இருந்தவைதாம். வீடமைப்புப் பகுதிகளின் நிலை வேறு. அங்கே திறந்தவெளி என்று ஒதுக்கப்பட்ட நிலத்தை மாநில அரசு பொது ஒதுக்கீடாக அரசிதழில் வெளியிட முடியும். அப்படி வெளியிட்டிருந்தால் அதை எளிதில் வேறு காரியத்துக்கு மாற்ற இயலாது. உங்கள் குடியிருப்பின் முன்னுள்ள வெளி அரசிதழில் ஏறியதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேட்கலாம். தீபகற்ப மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எவரும் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். காலக்கெடுவுக்குள் எழுதவேண்டும், கெடு முடிந்தபின் கத்திப் பயனில்லை.

அண்மையில் நடந்த ஒன்றையும் நினைவூட்டுகிறோம். கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடி வீடுகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பூங்காவின் பக்கத்திலேயே நீண்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் யார்? முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பல பத்தாண்டுகளாக நிலையான வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. இதனால் வழக்கில் பூங்கா கேட்டவர்கள் ஒரு பக்கமும், வீடு கேட்ட நம்மவர்கள் மறுபக்கமும் நிற்க நேர்ந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வீடும் வேண்டும், வெளியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லும் நிலைக்கு ஏழையைத் தள்ளக்கூடாது. வீடு கேட்கும்போதே, பிள்ளை ஓடியாட ஓர் இடத்தையும் சேர்த்துக் கேட்கப் பழகுவோம்.

முடிவாக, நாங்கள் வேண்டுவது மூன்று. முதலாவது, உங்கள் வீட்டருகே உள்ள வெளிக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். அதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். அந்தத் தாள் ஒருநாள் உங்களுக்காகப் பேசும். இரண்டாவது, அந்த வெளியில் பெண்பிள்ளைக்கும் சரியான பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் வண்டி இன்று எங்கே நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

ஜாகா தாத்தாவின் கூலியைப் பால் டின்னில் கொண்டுபோன ஆறு பேரில் இருவர் இன்று இல்லை. மற்றவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். அன்று ஆபீசில் உண்மை பேசிய பெண் எங்கள் அடுக்குமாடியின் முதல் மாடியில்தான் இருக்கிறார். லாரிக்காரரைச் சம்மதிக்க வைத்தவர் அவரே. மாலை ஐந்து மணிக்கு அவருடைய பேத்தி பந்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடுகிறாள். "எங்கம்மா போற?" என்று கேட்டால், திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: "வேற எங்க, திடலுக்குத்தான்."